லேபல் சுரண்டிய போத்தலும் ஜெசிதாவின் அடைப்புக்குறிகளும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் கோணல் கையெழுத்துத்தான் இதைக் கொண்டுவந்து சேர்த்தது.

நான் இன்னும் பேனையால் எழுதுகிறவன். என் எழுத்தை என் மனைவியாலும் வாசிக்க முடியாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி எடுப்பார்கள், பாஸ்போட்டுக்குப் படம் பிடிப்பார்கள், ரைப் அடித்துக் கொடுப்பார்கள். அங்கே வேலை செய்யும் ஒருத்திக்கு மட்டும் என் எழுத்து எப்படியோ பிடிபட்டுவிட்டது. சண்டிலிப்பாயிலிருந்து பஸ் ஏறிப் போய் அவளிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அச்சில் வந்துவிடும்.

போன மாசம் ஒரு பத்திரிகைக்காரர் போதைப் பழக்கம் பற்றிக் கட்டுரை கேட்டார். எழுதினேன். 'கஞ்சா எந்த வடிவில் வந்தாலும் நஞ்சே' என்று ஒரு வசனம் வந்து விழுந்தது. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்ததால் அதன் கீழே கோடும் இழுத்துவிட்டேன். ரைப் ஆகி வந்த தாளில் அந்த வசனத்துக்குப் பின்னால் நான் எழுதாத ஒன்று இருந்தது.

[சேர், எந்த வடிவில் வந்தாலும் எண்டு எழுதாதேங்கோ. அதிலை ஒரு வடிவம் என்ரை பிள்ளைக்குத் தேவை.]

கட்டுரை பத்திரிகைக்குப் போகவில்லை. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் வரவரக் கதையை நிறுத்தி, அவர்கள் போகப் போகத் தொடர்ந்து, துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. பேரை மட்டும் மாத்துங்கோ. பிள்ளை வளந்து வாசிக்கேக்கை அவவுக்கு விருப்பமோ தெரியாது" என்றாள்.

ஆகவே அவளுக்கு ஜெசிதா என்று பெயர் வைக்கிறேன். கடற்றொழில் செய்யும் கணவன் கிறகோரி. ஒரே மகள் ஜெனிஸ். வீடு குருநகரில். நீங்கள் இப்போது வாசிக்கும் இந்த எழுத்துகளையும் அவள்தான் அடிக்கிறாள். தேவையான இடத்தில் அவள் அடைப்புக்குறி போடலாம், நான் அதில் கை வைக்கக் கூடாது. எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

[ஜெசிதா நல்ல பேர். என்ரை சொந்தப் பேரை விட வடிவு. — ரைப் பண்ணினவ]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'கடல் கறுத்துக் கிடந்தது. கிறகோரியின் படகுக்குப் பக்கத்தில் பொலித்தீன் சுற்றிய பொதி ஒன்று மிதந்து வந்தது. அவன் குனிந்து

[இதிலை நிப்பாட்டிப்போட்டன் சேர். பொதி வேண்டாம்.]

எனக்குக் கோபம் வந்தது உண்மை. நல்ல தொடக்கம் அது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கஞ்சா என்றாலே பொதிதான். அது கடலால் வரும், கரையில் பிடிபடும், பொலிசார் அதை அடுக்கி வைத்துப் படம் எடுப்பார்கள், அடுத்த நாள் பேப்பரில் வரும். கதைக்குள் ஒரு பொதியை விட்டால் வாசிக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள், தன் பிள்ளையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றாள். கிறகோரியின் படகை மறித்துச் சோதிப்பது போதாதென்று நானும் சோதிக்க வேண்டுமா என்றும் கேட்டாள். அதோடு, அந்தப் பொதிக்குள் இருப்பது ஜெனிசுக்கு மருந்தும் அல்ல. அதைக் கொடுத்தால் பிள்ளையின் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டாம் தொடக்கம்: 'ஜெசிதாவின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல்

[ஜன்னலாலை பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கிதான் தெரியும்.]

சரி. கடலை விட்டுவிடுகிறேன்.

3

ஜெனிசுக்கு ஒன்பது வயது. அவளுக்கு வலிப்பு வருகிறது.

[இது சரி.]

அவளுக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றினால் பிடிக்காது, தனியாக வைக்க வேண்டும். தலை பின்ன விடமாட்டாள். தேவாலயப் பூசையில் பாட்டுக்காரரோடு சேர்ந்து உரத்துப் பாடுவாள், சொற்கள் பிழையாக இருந்தாலும் நிறுத்தமாட்டாள். இடையில் ஒரு கணம் கண் ஒரு பக்கம் போய் நிற்கும். பிறகு கை. பிறகு உடம்பு முழுக்க. அது நின்று, அவள் தூங்கி எழும்பும்போது அன்று காலையில் படித்த பாடம் மறந்து போயிருக்கும். சில நாட்களில் தாயின் பெயரையே தேடுவாள். அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் ஜெசிதா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மருந்துகள் கொடுத்தார்கள். மாற்றினார்கள். கூட்டினார்கள். ஒன்று பிள்ளையை நாள் முழுக்க நித்திரையாக்கியது. இன்னொன்று சாப்பாட்டை வெறுக்க வைத்தது. வலிப்பு கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

வைத்தியருக்குச் சண்முகநாதன் என்று பெயர் வைக்கிறேன். எந்தக் கெட்ட செய்தியையும் தெளிவாக, குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறவர். அவர் ஒரு நாள் மட்டும் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாராம். இப்படியான வலிப்புகளில் சிலவற்றுக்கு, அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்து உண்டு, வெறி தராது, வேறு நாடுகளில் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் கேட்கும் என்றில்லை, ஆனால் சில பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

"எந்தச் செடி டொக்டர்?" என்று ஜெசிதா கேட்டாள்.

அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் எழுதினாலும் உங்களுக்கு இஞ்சை எடுக்க வழியில்லை அம்மா" என்றார்.

ஜெசிதாவுக்குப் பயம் வரவில்லை. மருந்து ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆசுபத்திரியிலிருந்து வெளியே வந்து, மகளுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்று சாப்பிட்டாளாம்.

4

இனி கத்தரீனா மச்சாள் வருகிறார். கிறகோரியின் மூத்த அக்கா. ரொறன்ரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை. தம்பி குடும்பத்தில் உயிரையே வைத்திருக்கிறவர். டெலிபோனில் விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கே உந்தப் பாடு? இஞ்சை கடையிலை வடிவா அடுக்கி வைச்சிருக்கினம்" என்று சொல்லி, அந்தச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வாங்கிவிட்டார்.

வாங்கும்போது இல்லாத பயம் ஊருக்கு வரப் பெட்டி அடுக்கும்போது வந்தது. லேபலை நகத்தால் சுரண்டி எடுத்தார். கோடாலித் தைலப் போத்தல்களுக்கும் மூட்டு எண்ணெய்ப் போத்தல்களுக்கும் நடுவில் அதையும் செருகிவிட்டார். விமான நிலையத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வந்து சேர்ந்து, விஷயத்தை ஜெசிதாவின் காதில் போட்டுவிட்டு, ஜெனிசுக்காக வைத்த நேர்த்திக்கடனைத் தீர்க்க மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டார்.

ஜெசிதா அவசரப்படவில்லை. வைத்தியரிடம் கேட்டாள். லேபல் இல்லாத போத்தலைப் பிள்ளையின் வாய்க்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் ஈரலுக்கு என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. தனக்கு வேண்டியது அளந்து செய்த மருந்து, கடைப் போத்தல் அல்ல என்றார். ஜெசிதா அதை விளங்கிக்கொண்டாள். போத்தலை மச்சாளிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்தாள்.

வந்து பார்த்தால், கட்டிலில் மச்சாள் பரப்பி வைத்திருந்த சாமான்களுக்குள் போத்தல் இல்லை.

எங்கள் ஊர்களில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் பார்க்க வருவார்கள். பார்க்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. சவர்க்காரமோ, சொக்லேற்றோ, தைலமோ ஏதாவது ஒன்று கையில் வைக்க வேண்டும். மச்சாள் மடுவில், மனைவி ஆசுபத்திரியில். வீட்டில் இருந்தவன் கிறகோரி. கொடுப்பதென்றால் அவனுக்குக் கை நிற்காது. வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தான். கடைசியாக வந்தவர், அவர்களுடைய தேவாலயப் பங்கில் எல்லாரும் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை மரியநாயகி ரீச்சர். முழங்கால் வருத்தக்காரி. அவருக்கு விசேஷமாக ஒன்று கொடுக்க வேண்டுமென்று தேடி, சொட்டுக் குழாய் வைத்த போத்தலைக் கண்டுபிடித்து, "இது விலை கூடின சாமான் போலை கிடக்கு ரீச்சர், பூசிப் பாருங்கோ" என்று கொடுத்துவிட்டான்.

மரியநாயகி ரீச்சர்தான் பங்கின் போதை ஒழிப்புக் குழுத் தலைவி. ஜெசிதா அதன் செயலாளர்.

[இதிலை ஆக்கள் சிரிப்பினம் எண்டு தெரியும். சிரிக்கட்டும். நானும் பிறகு சிரிச்சனான். அதுக்குப் பிறகு என்ரை மனுசனோடை ரெண்டு நாள் கதைக்கேல்லை.]

5

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

என் ஊர் சண்டிலிப்பாய். என் வீட்டைச் சுற்றிப் புகையிலைத் தோட்டம். அந்த இலையால் ஒரு நோயாளிக்கும் ஒரு நன்மையும் இல்லை. ஆனாலும் அதை நட்டு, தண்ணீர் இறைத்து, வெட்டி, உலர்த்தி, பகிரங்கமாக விற்கலாம். நான் தோட்டக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் என் சொந்தக்காரர். சட்டம் என்பது எல்லா இலையையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்றுதான் சொல்கிறேன். மற்றச் செடிக்கும் நாட்டு வைத்தியத்தில் பழைய இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்கு ஏற்றுவதற்காக அதை வளர்ப்பது பற்றிக்கூட நாட்டில் பேச்சு நடக்கிறது. ஒரு வைத்தியர் ஒரு பிள்ளைக்கு எழுதினால் மருந்தாக எடுக்கும் வழியைப் பற்றித்தான் பேச்சைக் காணவில்லை.

எனக்கு இதில் கோபம் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.)

[கோபம் போதும் சேர். ரீச்சர் வீட்டுக்குப் போங்கோ.]

6

ஜெசிதா போனபோது ரீச்சர் வீட்டில் பச்சிலை வாசம் அடித்தது. காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு இருந்தவர், முழங்கால் நல்லாய் இளகியிருக்கிறது, கத்தரீனாவுக்கு நன்றி சொல்லு என்றார். (எண்ணெய் போட்டு உருவினால் எந்த முழங்காலும் கொஞ்சம் இளகும். இதை வைத்து நான் ஒன்றையும் நிறுவப் போவதில்லை.)

போத்தலைத் திரும்ப வாங்குவதற்கு ஜெசிதாவின் வாயில் வைக்க நான் மூன்று பொய்கள் தயாரித்திருந்தேன். பழுதான எண்ணெய், மாறி வந்த எண்ணெய், மச்சாளுக்கே தேவைப்படும் எண்ணெய். அவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. விஷயம் தெரியாமல் அந்த மனுசி வீட்டில் அதை வைத்திருப்பதும், யாராவது அறிந்து குற்றமாக்குவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ரீச்சர், அது கஞ்சாவிலை செய்த எண்ணெய்" என்றாள்.

ரீச்சர் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் ஜெயதீபனின் படம், காலடியில் பந்தோடு. ரீச்சரின் தம்பி மகன். தாய் தகப்பன் இல்லாமல் இந்த வீட்டில் வளர்ந்தவன். உதைபந்தாட்டத்தில் குருநகரே அவனை நம்பியிருந்தது. கூட்டாளிகளோடு புகையில் தொடங்கி, பிறகு வேறு வேறு தூள்களுக்குப் போய், போன வருஷம் செத்துப்போனான்.

"அவனும் உதிலைதான் தொடங்கினவன்" என்றார் ரீச்சர்.

"தெரியும் ரீச்சர். அவன்ரை மரண அறிவித்தலை நான்தான் அடிச்சனான்."

அதன் பிறகு ஜெசிதா எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியர் சொன்னதை, தான் ஒரு சொட்டும் பிள்ளைக்குக் கொடுக்காததை, கொடுக்கப் போவதில்லை என்பதை. தனக்கு வேண்டியது ஒளித்துக் கொண்டுவரும் போத்தல் அல்ல, வைத்தியர் எழுதி, ஆசுபத்திரியில் அளந்து, பெயர் போட்டுத் தரும் மருந்து என்றாள். வாற ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூட்டம். அரசாங்கத்துக்கு அனுப்பும் கோரிக்கைகளை அங்கேதான் தீர்மானிக்கப் போகிறார்கள். அதில் இதையும் ஒரு வசனமாகச் சேர்க்கக் கேட்கப் போவதாகச் சொன்னாள். தலைவி மனம் வைக்காவிட்டால் மண்டபத்தில் ஒரு கையும் உயராது என்று அவளுக்குத் தெரியும்.

ரீச்சர் எழும்பி, நொண்டி நொண்டிக் குசினிக்குப் போய், போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது மருந்தல்ல என்று ஜெசிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிச் சொட்டு ஓடிப்போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டும் ஒரே பேராத்தான் என்ரை காதிலை விழுகுது பிள்ளை. என்னாலை கை உயர்த்தேலாது" என்றார் ரீச்சர். கையைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நீ கதைக்கேக்கை மைக்கை வாங்க மாட்டன். ஒருத்தரையும் வாங்க விடவும் மாட்டன்" என்றார்.

இந்த மனுசியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஒருவரை இவ்வளவு பிடிப்பது கதைக்கு நல்லதல்ல.

[நல்லதுதான்.]

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது: கூட்டத்தில் ரீச்சர் போதைக்கு எதிராக முழங்கி முடிக்கிறார். ஜெசிதா எழும்பி, "ரீச்சர், முழங்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்கிறாள். உண்மை வெளிவருகிறது. மண்டபம் சிரிப்பில் அதிர்கிறது. கோரிக்கை நிறைவேறுகிறது.

[அவவை வெக்கப்படுத்தி வாற மருந்து என்ரை பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. வெட்டுங்கோ.]

இரண்டாவது: மருந்து வருகிறது. ஒழுங்காக, கப்பலில், லேபலோடு. யாகப்பர் கோயில் பெருநாளன்று ஜெனிஸ் மஞ்சள் சட்டை போட்டு, ஒரு பாட்டையும் விடாமல், பிழையான சொற்களோடு உரத்துப் பாடுகிறாள். வீட்டுக்கு வந்து தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

[இதை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன் சேர். ஆசையாக் கிடந்தது. ஆனா நடக்காததை நடந்த மாதிரி எழுதினா, எல்லாம் சரிவந்திட்டுது எண்டு வாசிக்கிற ஆக்கள் புத்தகத்தை மூடி வைச்சிடுவினம்.]

மூன்றாவது முடிவைப் பாதி வசனம்தான் எழுதியிருந்தேன். ஜெசிதா அந்தத் தாளை ரைப் செய்யவில்லை. நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்தாள். அன்றைக்கு என் வேறு தாள்களையும் தொடவில்லை. அந்தத் தாள் இப்போது இல்லை. அதில் என்ன இருந்தது என்று நீங்களும் கேட்கக் கூடாது.

கூட்டம் நடந்து ஒரு கிழமை ஆகிறது. அன்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை. என்ன ஆனது என்று கேட்டால், "எழுதேக்கை சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இன்றைக்கு என் தாள்களை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "இதை நானே அடிக்கிறன், நீங்கள் இருங்கோ" என்றாள். இருக்கிறேன்.

8

[மண்டபம் நிறையச் சனம். பங்குச் சுவாமி முன்னுக்கு இருந்தவர். கோரிக்கையள் ஒவ்வொண்டா வாசிச்சு முடிய, நான் செயலாளர் எண்டபடியால் மைக் என்ரை கையிலைதான் இருந்தது. இன்னுமொண்டு இருக்கு எண்டு சொன்னன்.

கஞ்சா எண்ட சொல்லைச் சொன்ன உடனை பின்னுக்கு இருந்து ஒருத்தர், புருசன் கடலுக்குப் போறவன்தானே, ஏன் கேக்க மாட்டா எண்டார். என்ரை மனுசன் எழும்பப் போனவர். ரீச்சர் மேசையிலை தட்டி, கதைக்க விடுங்கோ எண்டா. சனம் அடங்கினது.

நான் எழுதிக்கொண்டு போகேல்லை சேர். வந்ததைச் சொன்னன். ஜெயதீபனை நான் மறக்கேல்லை, இந்தக் குழுவிலை இருந்து நான் விலகவும் மாட்டன் எண்டு சொன்னன். வலி குறைக்க ஆசுபத்திரியிலை போடுற ஊசிகூடச் சந்தியிலை வித்தால் போதைதான், டொக்டர் போட்டால் மருந்து, அது உங்கள் எல்லாருக்கும் தெரியும் எண்டு சொன்னன். வெளிநாட்டுக்கு ஏத்துறதுக்கு அந்தச் செடியை வளக்கிறதைப் பற்றிக் கதைக்கினம், என்ரை பிள்ளைக்கு ஒரு போத்தல் இறக்கிறதைப் பற்றி ஆர் கதைக்கிறது எண்டு கேட்டன். எனக்குச் சந்தியிலை விக்கிற சாமான் வேண்டாம், கடலாலை வாறது வேண்டாம், பெட்டியிலை ஒளிச்சுக் கொண்டாறதும் வேண்டாம். டொக்டர் எழுதிறதை நான் பயமில்லாமல் வாங்க வேணும். அவ்வளவுதான். என்னைப் போலை இன்னும் எத்தினை வீடோ தெரியாது, வெக்கத்திலை ஒருத்தரும் சொல்லினம் இல்லை எண்டன்.

சுவாமிதான் கேட்டார், இதைச் சேர்க்க விருப்பமான ஆக்கள் கை உயர்த்துங்கோ எண்டு. ஒருத்தரும் அசையேல்லை. எல்லாரும் ரீச்சரைத்தான் பாத்தவை. நானும் பாத்தன். அவ ஜெயதீபன்ரை தாய்க்குச் சமம், எனக்கு அவவிலை கோவமே இல்லை. கொஞ்ச நேரத்தாலை ரீச்சர் கதிரையைப் பிடிச்சு எழும்பி, தன்ரை

9

இந்தப் பந்தியை ஒற்றை விரலால் நான் அடிக்கிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே அந்தச் சொல்லில் அவள் நிற்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜெனிசுக்கு வலிப்பு, இந்த முறை நிற்கவில்லை, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அடைப்புக்குறியை மூடாமல் எழும்பி ஓடினாள். நான்தான் ஆட்டோவை மறித்தேன். ஏறும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நேரமா அது?

ஆகவே ரீச்சர் எழும்பி என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. விசாரித்தால் ஊரில் யாராவது சொல்வார்கள். விசாரிக்கமாட்டேன். பிள்ளையோடு அவள் திரும்பி வந்து, அவளே அடிக்கட்டும். வருவாள். வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களையும் அவளுடைய மாதாவையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கடைக்குள் ஒருவர் வந்து நிற்கிறார். கை நிறையக் காகிதங்கள், போட்டோக் கொப்பிக்கு. காத்து நின்ற நேரத்தில் என் தோளுக்கு மேலால் எட்டி, திரையில் இருந்ததை முழுதும் வாசித்துவிட்டார்.

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கிறார்.

"பிள்ளைக்கு வலிப்பு வந்திட்டுது. ஆசுபத்திரிக்குப் போயிட்டா."

"அது இல்லை ஐயா. அந்த ரீச்சர் கை உயர்த்தினவவோ எண்டு கேக்கிறன்."

"நீங்கள் உயர்த்துவியளோ?" என்றேன்.

அவர் திரையை இன்னொரு தரம் பார்த்தார். கையில் இருந்த காகிதங்களை மெல்ல மேசையில் வைத்துக் கையை விடுவித்தார்.